கறை இல்லாத ரிப்போர்ட் செல்லாது

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறார். இத்தனை வருஷத்தில் அவர் வண்டியின் பக்கக் கண்ணாடி ஒரு சுவரில்கூட உரசியதில்லை. அவருடைய தடத்தில் சந்தைத் தெரு என்று ஒன்று வரும். ஒரு பக்கம் மூட்டை இறக்கும் லாரி, இன்னொரு பக்கம் தள்ளுவண்டிகள், நடுவே பஸ்ஸுக்கு இரண்டு புறமும் நாலு நாலு விரல்தான் இடம். மற்ற டிரைவர்கள் கண்டக்டரைக் கீழே இறக்கிவிட்டு, அவர் "வரலாம், வரலாம்" என்று கத்தக் கத்தத்தான் ஓட்டுவார்கள். அத்தான் இடது கண்ணாடியில் ஒரு பார்வை, வலது கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். பஸ் அந்தப் பக்கம் போயிருக்கும்.

தெருவை அளக்கிற மாதிரியே பேச்சையும் அளப்பார். வீட்டில் அவர் வாயிலிருந்து வருவதில் முக்கால்வாசி 'ம்'. சாப்பிடுகிறீர்களா என்றால் 'ம்'. கொஞ்ச நேரம் ஆகட்டுமா என்றாலும் 'ம்'. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஆள் கூப்பிடுங்கள் என்றால் அதற்கும் 'ம்'. அந்தக் குழாய் பதினோரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. டிப்போவில் விசாரித்தால் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கத்தோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்பதை அக்காவிடம்தான் கேட்க வேண்டும். சுவரிடம் பேசினால் எதிரொலியாவது வரும் என்பாள். இந்த ஆளுக்குக் காது கேட்கவில்லை என்பது இருபது வருஷமாக அவள் சொல்லிவரும் புகார். நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இந்த வருஷம் அது காகிதத்தில் வந்துவிட்டது.

பஸ் டிரைவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணும் காதும் சரியாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் வாங்கி லைசென்ஸ் ஆபீஸில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். காதுக்கென்று தனியாக ஒரு சென்டர் இருக்கிறது. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ரிப்போர்ட் என்பது ஒரு கட்டம் போட்ட தாள். மேலே ரகசியம் பேசுகிற சத்தம், கீழே போகப் போக லாரி ஹாரன். கடைசியாக எந்தச் சத்தம் வரை கேட்டதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி. தாளுக்குக் குறுக்கே ஒரு தடித்த கோடு. எல்லாப் புள்ளியும் கோட்டுக்கு மேலே இருந்தால் பஸ் ஓட்டலாம். ஒன்றே ஒன்று கீழே இறங்கிவிட்டாலும் ஓட்டக் கூடாது.

அத்தானுக்கு ஒன்று இறங்கியிருந்தது. அதுவும் ஒரு கடுகளவு.

அன்றே டிப்போவில் சாவியை வாங்கிக்கொண்டு, பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருட்களை வைக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். முப்பது நாளுக்குள் கோட்டுக்கு மேலே புள்ளி இருக்கிற ரிப்போர்ட் வந்தால் வண்டி அவருக்கு. வராவிட்டால் தடம் வேறொருவருக்குப் போய்விடும். மிச்சம் இருக்கும் ஆறு வருஷமும் அந்த அறையில் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவல். அந்த அறைக்கு ஜன்னல்கூட இல்லை என்றார் அத்தான். அவர் வாயிலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை சொற்கள் வந்து நான் கேட்டதில்லை.

அக்காவுக்கோ முதல் இரண்டு நாள் வெற்றி விழா.

"நான் சொன்னப்ப ஒருத்தராவது நம்பினீங்களா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீடு, மாடிவீடு, போனில் நாத்தனார்கள், எல்லோருக்கும் செய்தி போயிற்று. செய்தி போன கையோடு எல்லோரும் அத்தானிடம் கத்த ஆரம்பித்தார்கள். மாடிவீட்டுக்காரர் படியில் பார்த்தால் வாயை அகலமாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக நலம் விசாரித்தார். டிப்போவில் கண்டக்டர்கள் கையால் சைகை காட்டினார்கள். டீ வேண்டுமா என்பதற்கு ஒருவர் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோன விதம் வேறு எதற்கோ கூப்பிடுவது போல இருந்ததாம். "எனக்குக் கேக்குது" என்று அத்தான் தன் வழக்கமான மெல்லிய குரலில் சொல்வார். "என்னது?" என்று அவர்கள் இன்னும் உரக்கக் கேட்பார்கள்.

எனக்கு மண்டை காய்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லீவு மாதம் என்பதால் அத்தானுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலையும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த கோபம் புள்ளி மேல் இல்லை. தாளின் வலது மேல் மூலையில் டீ கிளாஸ் வைத்த வட்டம், பாதி வட்டமாக, சாம்பல் நிறத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. ஒருத்தருடைய பிழைப்பே தொங்குகிற தாளில் கிளாஸை வைப்பார்களா என்று அக்காவைப் பிடித்துச் சத்தம் போட்டேன். தன் கை அந்தத் தாள் மேல் படவே இல்லை, வேண்டுமானால் உன் அத்தானைக் கேள் என்றாள். அவரைக் கேட்டேன். 'ம்' என்றார். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். கறை போகவில்லை, தாள்தான் கொஞ்சம் உப்பியது.

மூன்றாம் நாளிலிருந்து அக்கா மாற ஆரம்பித்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண் கலங்கினாள். காது கேட்காத மனுஷனைப் போய் இத்தனை வருஷமாகத் திட்டித் தீர்த்துவிட்டேனே, பதில் சொல்லவில்லை பதில் சொல்லவில்லை என்று எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், பாவம், அவர் என்ன செய்வார் என்றாள். அதற்குப் பிறகு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் பேசுவதே இல்லை. தோளைத் தொட்டுவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசினாள். அவரும் எங்கே ஓடுவார், முகம் பார்த்துத் தலையாட்டினார். குழாயைப் பற்றிக்கூடக் கோபமில்லாமல் சொன்னாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. எனக்கோ ரிப்போர்ட் கவலை, அதைக் கவனிக்க நேரமில்லை.

மறு டெஸ்டுக்குப் பன்னிரண்டாம் நாள்தான் இடம் கிடைத்தது.

சென்டரில் டெஸ்ட் எடுக்கும் அம்மா ஐம்பதை நெருங்குகிறவர். மூக்கின் நுனியில் கண்ணாடி, மேஜைமேல் ஒரு ஈயெறும்பு உட்கார இடமில்லாமல் அடுக்கு அடுக்காகத் தாள்கள். இருபது வருஷமாக இதே வேலை. அத்தானைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பி, வெளியே உட்கார்ந்து பொறுமையாகச் சத்தத்தைக் குறைத்தார். எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதே புள்ளி, அதே கடுகளவு, கோட்டுக்குக் கீழே.

"காது மாறல சார். மெஷின் பொய் சொல்லாது" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நான் தாளை வாங்கினேன். பிரிண்டர் சூடு இன்னும் ஆறவில்லை. வலது மேல் மூலையில் டீ கிளாஸ் வட்டம்.

இந்தத் தாள் பிறந்தே பத்து வினாடி ஆகவில்லை. இதன்மேல் யார் வந்து கிளாஸ் வைத்தார்கள்? பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே வட்டம், அதே இடம், வட்டம் முடிகிற இடத்தில் அதே சின்னத் துளி. அம்மாவிடம் கேட்டேன். அதுவா, அது படத்திலேயே இருக்கிறது சார் என்றார் சாவகாசமாக. முன்பெல்லாம் அச்சடித்த படிவத்தில் அவரே கையால் புள்ளி வைப்பாராம். நாலு மாதம் முன்பு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, பழைய படிவம் ஒன்றை ஸ்கேன் செய்து, அதைப் பின்னணிப் படமாகப் போட்டுவிட்டார். இப்போது எண்ணைத் தட்டினால் போதும், படத்தின்மேல் புள்ளியை கம்ப்யூட்டரே வைத்துவிடும். ஸ்கேன் எடுத்த அன்று அந்த மனிதருக்கு வாங்கிக் கொடுத்த டீயை வைக்க மேஜையில் வேறு இடமில்லை.

ஒரு டீக்காக ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அக்காவோடு சண்டை போட்டேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் நாலு வார்த்தை கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுத்தமில்லாத தாளில் எழுதினாலே திருப்பிக் கொடுப்பேன், நீங்கள் ஊருக்கெல்லாம் டீக்கறையை அச்சடித்துக் கொடுக்கிறீர்களே என்றேன். படித்த மனுஷனாக நான் கண்டுபிடித்தது அந்தக் கறை வரைக்கும்தான்.

அத்தான் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு, இருபத்தாறு வருஷ ரிப்போர்ட்டும் வரிசையாக அதில் இருக்கும். அதிலிருந்து போன வருஷத்தாளை உருவினார். இந்த வருஷத்தாளையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். இரண்டையும் மூலைக்கு மூலை பொருத்தி, கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். இடது ஓரத்தை ஒரு பார்வை, வலது ஓரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ரோடு சுருங்கியிருக்கு தம்பி" என்றார். "வண்டி சுருங்கல."

எழுந்து போய்ப் பார்த்தேன். வெயிலில் இரண்டு தாளும் ஒன்றாகத் தெரிந்தன. போன வருஷப் புள்ளிமேல் இந்த வருஷப் புள்ளி அச்சாக உட்கார்ந்திருந்தது, ஒரு மயிரிழை விலகவில்லை. விலகியிருந்தவை கட்டங்கள்தான். புதுத் தாளில் கட்டம் முழுவதுமே ஒரு சுற்றுச் சிறுத்து, மேலே ஏறிப்போயிருந்தது. வலது பக்கமும் அடியிலும் வெள்ளை விளிம்பு கூடுதலாக இருந்தது. பழைய தாளில் தடித்த கோடு மேலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டரில் இருந்தது. புதியதில் பதினொன்று புள்ளி நாலு. அத்தானின் புள்ளி இரண்டிலும் பதினொன்றரையில் இருந்தது. அவர் காது அங்கேயேதான் இருந்திருக்கிறது. கோடுதான் அவர் தலைக்குமேல் ஏறியிருக்கிறது.

வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். முதலில் அச்சைப் பார், அளவைப் பார், பிறகு புள்ளியைப் பார் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன். பன்னிரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு கறையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு அத்தானுக்குக் கடைசியாகக் கேட்ட சத்தத்தின் எண்ணைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். முப்பத்தைந்து. தடித்த கோடு நாற்பதில். முப்பத்தைந்தில் வைக்க வேண்டிய புள்ளி, தாளில் நாற்பத்தொன்றில் உட்கார்ந்திருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். புள்ளி வைக்கும் இடங்களை கம்பெனிக்காரர் பழைய படிவத்தின்மேல் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். பிறகு பிரிண்ட் எடுத்தபோது ஓரம் வெட்டுப்பட, தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கியிருக்கிறார். படத்தைச் சுருக்கினவர் புள்ளிகளைச் சுருக்க மறந்துவிட்டார். நல்ல காது உள்ளவர்களுக்குப் புள்ளி எங்கோ மேலே இருக்கும், கொஞ்சம் இறங்கினாலும் தெரியாது. கோட்டை ஒட்டி இருப்பவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நாலு மாதத்தில் அப்படி எத்தனை பேர் என்று அம்மா அப்போதே பட்டியல் எடுத்தார். அத்தானைச் சேர்த்துப் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்வேன் என்று சொன்னவர், சொன்னபடி செய்தார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரைத் திட்டியதை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இனி என்ன, வேலை முடிந்தது என்று நினைத்தேன். எத்தனை வருஷம் வாத்தியாராக இருந்தாலும் ஆபீஸ்களைப் பற்றி எனக்கு இன்னும் பாடம் மீதி இருந்தது.

படத்தைத் திருத்த அம்மாவால் முடியாது, பூட்டுப் போட்டிருக்கிறார்கள், கம்பெனிக்காரர் வந்துதான் திறக்க வேண்டும். கம்பெனிக்காரர் நாளைக்கு வருகிறேன் என்றார். அந்த நாளை வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. நான் தினமும் போன் செய்தேன். முதலில் எடுத்தார், பிறகு எடுத்துவிட்டு மூச்சு மட்டும் விட்டார், பிறகு எடுக்கவே இல்லை. அத்தான் ஜன்னலில்லாத அறையில் குடைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் வண்டியை ஓட்டும் புது ஆள் சந்தைத் தெருவில் கண்ணாடியை இரண்டு தடவை உடைத்துவிட்டான் என்று கண்டக்டர் வந்து சைகையில் சொன்னாராம். வீட்டில் அக்கா அவரைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். காதில் கோளாறு இல்லை, தாளில்தான் கோளாறு என்று நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை. முத்திரை குத்தி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அவள் அதை விரும்பவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இருபத்தேழாம் நாள் கம்பெனிக்காரர் வந்தார். வந்தவர் நல்ல மூடில் இருந்தார் போலிருக்கிறது. படத்தைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கினார். அதோடு விட்டாரா? யாரும் கேட்காமலே டீக்கறையையும் அழித்து, தாளைப் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் போனார். அத்தானின் புள்ளி கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.

இருபத்தொன்பதாம் நாள் காலையில் லைசென்ஸ் ஆபீஸ். கவுண்ட்டரில் இருந்தவர் ரிப்போர்ட்டை வாங்கினார். புள்ளியைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை. வலது மேல் மூலையைப் பார்த்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வட்டம் எங்க சார்?" என்றார்.

எந்த வட்டம் என்றேன், தெரிந்தே. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு சுற்றறிக்கையை உருவி என் பக்கம் திருப்பினார். காது சென்டர் ரிப்போர்ட்களில் வலது மேல் மூலையில் அரைவட்ட முத்திரை உள்ளதா எனச் சரிபார்த்த பின்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். கீழே கையெழுத்து, தேதி, மூன்று நகல்கள் யார் யாருக்கு என்ற விவரம். இரண்டு மாதம் முன்பு யாரோ ஒருவர் போலி ரிப்போர்ட் கொண்டுவந்தாராம். மற்ற தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதில் இந்த வட்டம் மட்டும் இல்லை. அன்றிலிருந்து சென்டரின் ரகசிய அடையாளம் இது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அது டீக்கறை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கம்பெனிக்காரர், கிளாஸ், ஸ்கேன் என்று முதலிலிருந்து முழுக்கதையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள்கூட ரசித்துக் கேட்டார்கள். முடித்ததும், டீக்கறைக்கு யாராவது சுற்றறிக்கை போடுவார்களா சார் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். கறை இல்லாத ரிப்போர்ட் செல்லாது, நாளை சாயங்காலத்துக்குள் வட்டம் உள்ளதைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கத்தியிருப்பேன். அத்தான் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

சென்டருக்கு ஓடினோம். கம்பெனிக்காரர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கறையை மறுபடி படத்தில் சேர்க்க அவர்தான் வர வேண்டும். புது வட்டத்தை நானே ஒரு டீ வாங்கி வைத்துவிடட்டுமா என்றேன், பாதி எரிச்சலில், பாதி நிஜமாகவே. அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். அப்படிச் செய்தால் அதுதான் போலி என்றார். பிறகு அடி இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு தாள். பழைய அச்சுப் படிவத்தில் கடைசியாக மிஞ்சியது, அன்று ஸ்கேன் எடுத்த அதே தாள். வலது மேல் மூலையில் அசல் கறை, நல்ல பழுப்பு நிறத்தில்.

அத்தானை மறுபடி கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். ஒவ்வொரு சத்தமாகக் குறைத்தார். பென்சிலைச் சீவிக்கொண்டு, ஸ்கேல் வைத்து, கையாலேயே புள்ளிகளை வைத்துக் கோடிழுத்துச் சேர்த்தார். முப்பத்தைந்து, முப்பத்தைந்தில் இருந்தது. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். ஊருக்கெல்லாம் பின்னணியாக இருந்த தாள் அத்தான் ஒருத்தர் பெயரில் முடிந்துபோயிற்று.

மறுநாள் கவுண்ட்டர்க்காரர் அதை வாங்கி மூலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது ஒரிஜினல். பாருங்க, கலர்லயே இருக்கு" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினார். டொக்கென்று முத்திரை விழுந்தது. முப்பது நாள் அலைச்சலுக்கு முடிவு அந்த ஒரு டொக்.

நேரே டிப்போவுக்குப் போய்க் காட்டி, நாளைக் காலையிலிருந்து வண்டி என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"காது நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டாள், அவரை இல்லை, என்னை.

நான் ஒரு மடையன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். இந்த வருஷம் மட்டும் இல்லை அக்கா, எந்த வருஷமும் குறையே இல்லை என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையைத் திறந்து இருபத்தாறு வருஷத்தையும் மேஜைமேல் பரப்பினேன். கல்யாணமான வருஷத்து ரிப்போர்ட்டும் அதில் இருந்தது. புள்ளிகள் எல்லாம் உச்சியில், ரகசியம் பேசுகிற சத்தத்தின் பக்கத்தில். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தேதிகளைப் பார்க்கிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் தோளைத் தொடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, வழக்கமான குரலில் கேட்டாள்.

"குழாய் சொட்டுதுன்னு சொன்னேனே. அது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார்.

அக்கா ஒரு தாளைக் கையில் எடுத்தாள். மூன்று வருஷம் முன்பு எழுதினது. எங்கள் அம்மா இறந்த வருஷம்.

"அம்மா போன அப்புறம், இனிமே பேசறதுக்கு எனக்குன்னு ஒருத்தரும் இல்லன்னு சொன்னேன். நீங்க வாசல்ல ஷூ மாட்டிக்கிட்டு இருந்தீங்க. திரும்பிப் பாக்காம டூட்டிக்குப் போயிட்டீங்க. அது?"

சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"கேட்டுச்சு" என்றார் அத்தான்.

எனக்கும் அது புதுச் செய்திதான். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து சௌக்கியமா என்று கேட்டு, சௌக்கியம் என்றதும் வைத்துவிடுகிற தம்பி நான். தலையைக் குனிந்துகொண்டு தாள்களை அடுக்கினேன். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது. ஒரு மாதமாக அவள் முகத்தில் இருந்தது என்ன நிம்மதி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைத்தான் நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கறை வரைக்கும் தேடிப் பிடித்து, முத்திரை குத்திக் கெடுத்திருக்கிறேன்.

தாள்களை உறையில் போட்டேன். தப்பு ரிப்போர்ட், ஈரத் துணி பட்டு உப்பியது, தனியாகக் கிடந்தது. இனி இது எதற்கு என்று கிழிக்கப் போனேன். அக்கா கையை நீட்டினாள்.

"அத என்கிட்ட கொடுத்துடு. அதுலயாவது இவர் மேல தப்பு இல்ல."

மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் 'ம்' கூடச் சொல்லவில்லை. ஆனால் கேட்டுவிட்டது, அது முகத்தில் தெரிந்தது.